வீடு குடுத்தாச்சு

எழுதப் பழக்குகிற தொழிலில் ஒரு சுகம் இருக்கிறது: சிவப்புப் பேனை எப்பவும் எங்கட கையில்தான் இருக்கும், எங்கட சீவியத்தில் அதால் ஒருத்தரும் கோடு போட வரமாட்டினம்.

நான் பாரிசுக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிரெஞ்சில் எழுதப் பழக்குகிறேன். பிறந்தது யாழ்ப்பாணம். கோபம் கொஞ்சம் கெதியாக வரும், கண்ணீர் அதைவிடக் கெதியாக வரும். பொதுவேலை என்று வெளிக்கிட்டு, நல்லது செய்யப்போய், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்த ஆக்கள் வாசிக்கிறவைக்குள் கட்டாயம் இருப்பீர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவை சிரித்துப்போட்டுப் போகலாம், எனக்கு மறுப்பில்லை.

அரிசி மூட்டை

வகுப்பறைக்குள் இருந்து நிறவெறியைப் பற்றி எழுதினால் காணாது, சனத்துக்குள் போய்ச் சனத்தோடு சேர்ந்து ஆய்வு செய்யவேணும் என்று எங்கட துறையில் ஒரு திட்டம் வந்தது. கூட்டத்தில் முதலில் கை தூக்கினது நான்தான். பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பல் என்னுடைய இடம், அங்கே எல்லாரையும் எனக்குத் தெரியும் என்று மார் தட்டினேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது நான் மரக்கறி வாங்குகிற கடைக்காரர் சிவநேசன் அண்ணையை மட்டும்தான்.

அவரிடம் போய், கடைக்குப் பின்னால் உள்ள அறையைச் சனிக்கிழமைகளில் தருவீர்களோ என்று கேட்டேன். தோலின் நிறத்தால், பெயரால், பேச்சால் அவமானப்பட்ட ஆக்கள் வந்திருந்து தங்கட கதையைத் தாங்களே பிரெஞ்சில் எழுதுவினம், நான் உதவி செய்வேன், கடைசியில் அது புத்தகமாக வந்து மெரிக்குப் போகும், அதாவது நகரசபைக்கு, என்று விளங்கப்படுத்தினேன். விளங்கப்படுத்தினது எனக்கே விளங்காத அளவுக்குப் போய்விட்டது. அவர் வெண்டிக்காய்ப் பெட்டியை உடைத்துக்கொண்டே கேட்டார். வாடகை பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

முடிவில் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “சனத்துக்கு நடந்ததைச் சனத்திட்டைக் கேட்டு எழுதிச் சனத்துக்கே குடுக்கப்போறியள். நல்ல விசயம் ரீச்சர். அரிசி மூட்டையளை எங்கை வைக்கிறது?”

அந்தக் கிழவி

மூட்டைகள் படிக்கட்டுக்குக் கீழே போயின. நாங்கள் உள்ளே வந்தோம். கொஞ்சப் பேர்தான். ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை செய்கிற மன்னார்ப் பெடியன் யூட் வந்தான். பெடியன் என்கிறேன், அவனுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. மாலி நாட்டுப் பெண் அமினாத்தா வந்தாள். விடியவே கொம்பனிக் கந்தோர்களைக் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. சிரித்தால் கடை வாசல்வரைக்கும் கேட்கும். வகுப்பு பிரெஞ்சில்தான் நடக்கும். அமினாத்தா சொல்லுவதை இங்கே நான் தமிழில் தருகிறேன்.

எங்களுக்கு ரீ கொண்டுவந்து தந்த சிவநேசன் அண்ணை ஒரு நாள் தானும் இருந்து எழுதினார். வந்த புதிதில் அவரும் மனைவியும் வீடு தேடின கதை. தொலைபேசியில் வரச்சொன்ன வீட்டுக்காரக் கிழவி, கதவைத் திறந்து இவர்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வீடு குடுத்தாச்சு” என்றாளாம். சூட்கேசோடு வெளியே வந்து, கூட வேலை செய்த பிரெஞ்சுக்காரனைக் கொண்டு அந்த நம்பருக்கே எடுப்பித்தாராம். வீடு அப்படியே வெறுமையாகத்தான் இருந்ததாம். அதை அவர் ஒரு இடத்திலும் அழுதுகொட்டாமல் எழுதியிருந்தார். வாசித்தது நான். அழுததும் நான்தான்.

அமினாத்தா அழவில்லை. அவள் அந்த நேரம் வீடு தேடிக்கொண்டிருந்தாள். லா சப்பலுக்குப் பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில் அவள் இருந்த பழைய கட்டடம் பாழடைந்து போச்சு என்று எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். மகளோடு, நகருக்கு வெளியே பியர்ஃபித்தில் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில் ஒரு அறையில் ஒதுங்கியிருந்தாள். பிள்ளையின் பள்ளிக்கூடம் இஞ்சைதான் என்றபடியால் விடியவே ரயிலில் கூட்டிவருவாள். தங்கச்சியின் மகன் கோடை விடுமுறையில் கலியாணம் முடிக்கப்போகிறான், அந்த அறை அவனுக்கு வேணும். அதுக்குள் இந்தப் பக்கத்தில் ஒரு வீடு எடுக்கவேணும், இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் போகும், தலைக்கு மேல் கூரையும் போகும்.

சிவநேசன் அண்ணையின் பக்கங்களைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “அந்தக் கிழவி இன்னும் சாகவில்லை. போன கிழமை எனக்கும் அவள்தான் கதவைத் திறந்தாள்.”

வீதியை வாசித்தோம்

எழுதப் பழக்குகிற ஆக்கள் செய்கிற ஒரு பயிற்சி உண்டு. வகுப்பை வெளியே கூட்டிப்போய், வீதியில் கண்ணில் படுகிற எழுத்தை எல்லாம் வாசிக்கச் சொல்லுகிறது. கடைப்பலகை, சுவரொட்டி, மெத்ரோ வாசலில் ஒட்டின தாள், எல்லாம். யாருக்காக எழுதினது, யாரை விட்டுப்போட்டு எழுதினது என்று பிறகு கதைப்போம். லா சப்பலில் தமிழ் எழுத்துக்குக் குறைவில்லை. தமிழ் தெரியாத ஆக்களுக்கு நான் மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், கார் பழக்குகிறது, நகைச் சேமிப்பு, பரதநாட்டியம். என் குரலில் ஒரு பெருமை இருந்ததை மறைக்க மாட்டேன்.

திரும்பிவந்து சிவநேசன் அண்ணையின் கடைக்கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். கண்ணாடி நிறைய அறிவித்தல். அதுக்குள் ஒன்று புதிது. அமினாத்தா அதில் விரலை வைத்தாள். தமிழ் எழுத்துக்கு நடுவில் F2 என்று இருந்தது, ஒரு படுக்கை அறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டுக்கு இங்கே எல்லாரும் போடுகிற அடையாளம். பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோய் என்று பிரெஞ்சு எழுத்தில். “இது வாடகை வீடுதானே? என்ன எழுதியிருக்கிறது?” என்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

எழுதியிருந்தது இதுதான்: வீடு வாடகைக்கு. தமிழ் ஆக்களுக்கு மட்டும். கடையில் விசாரிக்கவும்.

எல்லாத்தையும் மொழிபெயர்த்துக்கொண்டு வந்த என் வாய் அந்த இடத்தில் நின்றது. எங்கட ஆக்களைப் பற்றி இவள் என்ன நினைப்பாள் என்ற வெட்கம் ஒரு பக்கம். சொன்னால் சிவநேசன் அண்ணையோடு மனஸ்தாபம் வரும், அறை போகும், அறை போனால் திட்டம் போகும் என்ற பயம் மற்றப் பக்கம். இரண்டும் சேர்ந்து என்னைக் கொண்டு பிரெஞ்சில் ஒரு வசனம் சொல்லவைத்தன. “அது பழசு, வீடு குடுத்தாச்சு” என்றேன். நல்ல உச்சரிப்போடு சொன்னேன். அமினாத்தா தலையாட்டினாள். எல்லாரும் உள்ளே போகும் மட்டும் அவள் கண்ணாடிக்கு முன்னாலேயே கைப்பையைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

யூட்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதை நான் மறந்துபோனேன். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: “ரீச்சர், அண்ணையின்ரை கதையிலை அந்தக் கிழவி சொன்னதும் இதைத்தானே.”

நியாயம் கேட்கப் போனேன்

இரவு முழுக்க எனக்கு நானே பேசிக்கொண்டு கிடந்தேன். விடிய வீரம் வந்தது. நேரே கடைக்குப் போய், கண்ணாடியில் இருக்கிற வீடு யாருடையது அண்ணை என்று கேட்டேன். தன்னுடையதுதான், மிச்சம் பிடித்து வாங்கினது என்றார். அமினாத்தாவுக்குக் குடுக்கலாமே என்றேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

“நல்ல பிள்ளை ரீச்சர், நான் குறை சொல்லேல்லை. ஆனா எங்கட ஆக்கள் எண்டா ஆரெண்டு விசாரிக்கலாம். ஒரு பிரச்சினை எண்டா மாமன் மச்சானைப் பிடிச்சுக் கதைக்கலாம். உவையை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? பக்கத்து வீட்டுச் சனமும் முகம் சுளிக்கும்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது சட்டப்படி குற்றம், உங்களை வெளியில் நிற்பாட்டின கிழவிக்கும் இப்படித்தான் ஒரு நியாயம் இருந்திருக்கும், நீங்கள் எழுதினதை நீங்களே ஒருக்கால் வாசியுங்கோ என்று பொரிந்து தள்ளினேன். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் பொறுக்குவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

சிவநேசன் அண்ணை கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். நான் இருக்கிற கட்டடத்தின் உச்சி மாடியில் எனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. அதை வாடகைக்குக் குடுக்கிற நேரம், யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஆரும் இருந்தால் சொல்லுங்கோ என்று நான் கேட்டது இவரிடம்தான். இவர்தான் ஆள் பிடித்துத் தந்தார். அந்தப் பிள்ளை இப்பவும் அங்கேதான் இருக்கிறாள். அதை அவர் மெல்ல ஞாபகப்படுத்தினார். நான் அது சின்ன அறை, படிக்கிற பிள்ளைக்குத்தான் சரிவரும், அது வேற என்று ஏதோ இழுத்தேன்.

அவர் மிச்சச் சில்லறையை அந்த அம்மாவின் கையில் குடுத்துக்கொண்டே சொன்னார்: “வேறை ஒண்டும் இல்லை ரீச்சர். நீங்கள் கண்ணாடியிலை ஒட்டேல்லை, அவ்வளவுதான்.”

வரவேற்பு மாதிரி

அதுக்குப் பிறகு நான் செய்ததைக் கேட்டால் என்னைக் காறித் துப்புவீர்கள். ஒன்றும் செய்யவில்லை. இன்னொருக்கால் கதைப்போம், ஆறுதலாகக் கதைப்போம் என்று நாளைக் கடத்தினேன். அமினாத்தா ஒரு சனிக்கிழமை, பக்கத்து மெத்ரோ ஸ்டாலின்கிராட்டில் ஜன்னல் இல்லாத அறை ஒன்று வந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்றாள். ஏன் விட்டாய் என்று நான் கேட்கவில்லை. “நல்ல காரியம், அதைவிட நல்லது கிடைக்கும்” என்று தோளில் தட்டிக்குடுத்தேன். எந்த நம்பிக்கையில் அவள் விட்டாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

திட்டத்துக்குப் பொறுப்பான என் சக பேராசிரியர் கிளேர், மெரியில் இருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தா. கிளேர் கூடாத மனிசி இல்லை. எங்களுக்காக மேலிடத்தில் சண்டை பிடிக்கிறவ. சிவநேசன் அண்ணை வெள்ளைச் சேர்ட் போட்டுத் தன் பக்கங்களைத் தானே வாசித்தார். “வீடு குடுத்தாச்சு” என்ற இடம் வந்ததும் மெரிப் பெண் கண்ணைத் துடைத்தா. நான் வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டேன். யூட் சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போகிற நேரம் கிளேர் கடைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று, தமிழ் எழுத்து எவ்வளவு வடிவு என்று சொல்லிச் சொல்லிப் படம் எடுத்தா. F2 அறிவித்தல் சரியாக நடுவில். எங்கட புத்தகத்துக்கு அட்டைப்படம் இதுதான் என்றா. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன்.

கிளேர் கையைக் காட்டி மறித்தா: “மொழிபெயர்க்காதே. என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்லை, பார்க்கவே ஒரு வரவேற்பு மாதிரி இருக்கிறது.”

என்ரை நல்ல பிரெஞ்சு

அடுத்த கிழமை வகுப்பு முடிந்த பிறகு அமினாத்தா ஒரு உதவி கேட்டாள். ஒரு வீட்டு விளம்பரம் இருக்கிறது, தான் எடுத்தால் குரலைக் கேட்டே வைத்துவிடுவார்கள், நீங்கள் எடுங்கோ, உங்கட பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு என்றாள். எடுத்தேன். வீட்டுக்காரர் சக்கரையாகக் கதைத்தார். பின்னேரமே வந்து பார்க்கலாம் மேடம் என்றார். வரப்போகிறது நான் இல்லை என்று சொல்லி, அமினாத்தாவின் முழுப்பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் குரல் மாறியது. பிறகு, மன்னிக்கவேணும், இப்பதான் இன்னொருவர் எடுத்துவிட்டார் என்றார்.

தொலைபேசியை மேசையில் எறியாத குறை. மனுசரோ இவர்கள், வழக்குப் போடவேணும், பேப்பரில் போடவேணும் என்று நான் அந்த அறைக்குள் மேலும் கீழும் நடந்து கத்தினேன். அமினாத்தா தோடம்பழம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் அவளோடு வருகிற மகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பாதிக் கத்தலில் என் சத்தம் எனக்கே பொறுக்க முடியாமல் போய்விட்டது. கதிரையில் இருந்து, அந்தக் கண்ணாடி அறிவித்தலில் என்ன இருந்தது என்று சொன்னேன். நான் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன்.

அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும். அன்றைக்கே கண்ணாடியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, ரயிலில் போகப்போகப் பிரெஞ்சில் மாற்றி வாசித்துவிட்டாளாம். இந்தக் காலத்தில் அதுக்குப் பேராசிரியர் தேவையில்லை. பிறகு ஏன் ஒன்றும் கேட்காமல் வந்துகொண்டிருந்தாய் என்றேன்.

தோடம்பழச் சுளையை மகளிடம் குடுத்துவிட்டுச் சொன்னாள்: “எனக்காகக் கடைக்காரரோடு கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள், சரிவரும் வரைக்கும் எனக்கு நோகக்கூடாது என்றுதான் மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். அதனால்தானே ஸ்டாலின்கிராட் அறையை விட்டேன்.”

ரீ ஆறிப்போச்சு

அந்தக் கிழமை நான் எப்படிச் சாப்பிட்டேன், எப்படி வகுப்பெடுத்தேன் என்று தெரியாது. என்னை நல்லவள் என்று நினைத்து ஒருத்தி கூரையை விட்டிருக்கிறாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை வந்தது. சிவநேசன் அண்ணை வழமைபோல ரீத் தட்டோடு உள்ளே வந்தார். இருங்கோ அண்ணை என்றேன். எல்லாருக்கும் முன்னால் அந்த மூன்று வரியையும் தமிழில் வாசித்து, பிரெஞ்சில் சொன்னேன். அதை மறைத்து அமினாத்தாவுக்கு நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். என் உச்சி மாடி அறையை எப்படிக் குடுத்தேன் என்பதையும் சொன்னேன். சிவநேசன் அண்ணையின் காது சிவந்துவிட்டது. அறை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு, “அண்ணை, எல்லாருக்கும் முன்னாலை கேக்கிறன், அமினாத்தாவுக்கு அந்த வீட்டைக் குடுங்கோ” என்றேன்.

அவர் தட்டை மெதுவாக மேசையில் வைத்தார். அமினாத்தாவைப் பார்க்க அவரால் முடியவில்லை. அவருடைய கண்ணில் தண்ணீர் இருந்ததை நான் கண்டேன். அது கோபமா வெட்கமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. யூட் எழும்பி அவருக்குக் கதிரையைத் தள்ளினான். அவர் இருக்கவில்லை.

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நேற்றுத்தான் மனிசியின்ரை சொந்தக்காரருக்கு வீட்டுத் திறப்பைக் கையிலை குடுத்தனான் ரீச்சர். இப்ப மெய்யாவே வீடு குடுத்தாச்சு.”

அட்டைப்படம்

நேற்று என்றாரே, அதுதான் என்னைக் கொன்றது. நான் நாள் கடத்தாமல் இருந்திருந்தால் அந்த வீடு அமினாத்தாவுக்குக் கிடைத்திருக்கலாம். கோடை வந்தது. பியர்ஃபித் வீட்டில் அறை மாப்பிள்ளைக்குப் போனது. அமினாத்தாவும் மகளும் கூடத்தில் சோபாவை விரித்துப் படுக்கத் தொடங்கினார்கள். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று தங்கச்சி சொல்லிவிட்டா. பிள்ளையின் பள்ளிக்கூடமும் மாறிவிட்டது. என் உச்சி மாடி அறைக்குள் இரண்டு பேர் படுக்க இடம் காணாது என்று எனக்கு நானே கணக்குக் காட்டினேன். அவள் அதைக் கேட்டதேயில்லை. நானும் கேள் என்று சொல்லவில்லை.

புத்தகத்துக்கு அட்டை தயாராகி வந்தது. கிளேர் எடுத்த அதே படம், நடுவில் அந்த அறிவித்தல், ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை. கிளேருக்குத் தொலைபேசி எடுத்து விசயத்தைச் சொன்னேன். மனிசி, உடனே மாற்றுவோம், அந்தத் துண்டை அழித்துவிடலாம் என்றா. புத்தகத்தில் அமினாத்தாவின் கதையும் வருகிறது என்றபடியால் அவளிடமும் ஒரு சொல் கேட்கவேணும் என்று பியர்ஃபித்துக்கு ரயில் ஏறினேன்.

சோபாவில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததுக்குச் சிரித்தாள், ஆனால் பழைய சிரிப்பு இல்லை. அட்டையை வாங்கி ஆறுதலாகப் பார்த்தாள். உன்னுடைய படம் என்று மகளுக்கும் காட்டினாள். கண்ணாடியின் ஓரத்தில் பிள்ளையின் தோளும் பள்ளிக்கூடப் பையும் விழுந்திருந்ததை நான் அப்போதுதான் கண்டேன். அந்த அறிவித்தலை அழித்துவிடச் சொல்லியிருக்கிறேன் என்று நான் சொன்னேன்.

அவள் அட்டையைத் திருப்பித் தந்தாள்: “ஒன்றையும் அழிக்கவேண்டாம். வாசிக்கத் தெரிந்தவர்கள் வெட்கப்படட்டும்.”

திருத்தம்

புத்தகம் அப்படியே வந்தது. பிரெஞ்சுக்காரர் வடிவு என்கிறார்கள். தமிழர் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள், பிறகு மேசையில் கவிழ்த்து வைக்கிறார்கள். அறை போகும் என்று பயந்தேனே, அதுவும் போகவில்லை. சிவநேசன் அண்ணை ஒரு சனிக்கிழமைகூடப் பூட்டவில்லை. இல்லாத ஒரு பயத்துக்காக நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்பதை விழுங்கத்தான் எனக்குக் கனகாலம் எடுத்தது.

அண்மையில் அவருக்குப் புத்தகம் குடுக்கப் போனேன். அட்டையைக் கனநேரம் பார்த்தார். கவிழ்த்து வைக்கவில்லை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடியைக் காட்டினார். மைத்துனருடைய வீடு ஒன்று வாடகைக்கு இருந்தது. புது அறிவித்தல். வீடு வாடகைக்கு, கடையில் விசாரிக்கவும். இரண்டே வரி. நான் நம்பமுடியாமல் திருப்பி வாசித்தேன். அமினாத்தாவுக்கு இப்பவே எடுத்துச் சொல்லவேணும் என்று கைத்தொலைபேசியை வெளியே எடுத்தேன்.

அவர் முகம் நிறையப் பெருமையோடு சொன்னார்: “நீங்கள் அண்டைக்குச் சொன்னதிலை இருந்து யோசிச்சனான் ரீச்சர். அந்த வரி கூடாதுதான், மற்றவைக்கு மனம் நோகும். எடுத்துப்போட்டன். வந்து விசாரிக்கேக்கை ஆளைப் பாத்துச் சொல்லலாம்தானே.”

இத்தனை காலமாக எத்தனையோ பேருடைய எழுத்தில் கோடு போட்டிருக்கிறேன், ஆனால் ஒரு வரி முழுதாகப் போய்க் கருத்து அப்படியே நிற்கும்படி நான் பழக்கிவிட்ட ஒரே ஆள் சிவநேசன் அண்ணைதான்.